ரோவீனா ஹேல் யாரைப் பார்த்தாள்

திரையில் உருகும் காதலர்கள் பாதி நேரம் ஒருவரை ஒருவர் பார்ப்பதே இல்லை என்று ஹில்டா ஸ்ட்ரோம் சொன்னால் அவளுடைய சொந்த அக்காவே நம்பமாட்டாள். ஆனால் ஹாலிவுட்டில் வேலை அப்படித்தான் நடக்கிறது. கதாநாயகனின் முகத்தைக் கிட்டத்தில் வைத்து எடுக்கும்போது கதாநாயகி கேமராவுக்குப் பக்கத்தில் நின்று தன் வசனத்தைச் சொல்ல வேண்டும். அவள் முகத்தை எடுக்கும்போது அவன் நிற்க வேண்டும். நிற்க வேண்டும் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். பெரிய நட்சத்திரங்கள் தங்கள் முகம் பதிவானதும் அறைக்குப் போய்க் காலை நீட்டிவிடுவார்கள். அவர்கள் விட்டுவிட்டுப் போன வசனம் ஹில்டாவின் தலையில் விழும்.

ஹில்டா கண்டினியூட்டி பார்ப்பவள். மடியில் ஸ்கிரிப்ட், கழுத்தில் ஸ்டாப்வாட்ச், காதில் பென்சில். நேற்று எடுத்த காட்சியில் கோப்பை எந்தக் கையில் இருந்தது, சட்டையில் எத்தனையாவது பொத்தான் திறந்திருந்தது, மெழுகுவத்தி எவ்வளவு உயரம் எரிந்திருந்தது எல்லாம் அவள் கணக்கில் இருக்கும். அவள் கணக்குப் பார்த்த படங்களில் கதாநாயகியின் கம்மல் ஒருநாளும் காது மாறியதில்லை. அந்த விஷயத்தில் அவளுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், சம்பாதித்த திமிர்தானே.

நடிப்பு மட்டும் அவளுக்குக் கிட்டத்தில் வராது. மின்னசோட்டா மாகாணத்தில், சாப்பாட்டு மேசையில் சத்தமாகச் சிரித்தாலே அப்பா நிமிர்ந்து பார்க்கிற சுவீடன்காரர் வீட்டில் வளர்ந்தவள். "நீ இல்லாமல் இந்த உயிர் தங்காது" என்ற வசனத்தை அவள் படித்தால் சலவைக்குப் போட்ட துணியை எண்ணுவது மாதிரி இருக்கும். மேலே பலகையில் உட்கார்ந்திருக்கும் லைட்மேன்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள்.

"தப்பில்லாமப் படிச்சேனா இல்லையா? அவ்வளவுதான் எனக்கு வேலை," என்பாள் ஹில்டா, தலையை நிமிர்த்தாமலே. அவள் கண் ஸ்கிரிப்டை விட்டு அகலாது. ஒவ்வொரு வார்த்தையாகப் பென்சில் முனையை நகர்த்திக்கொண்டே படிப்பாள்.

அறைக்குப் போகாத நட்சத்திரம் என்று அந்த ஸ்டூடியோவில் ஒரே ஒருத்திதான் இருந்தாள். ரோவீனா ஹேல். தபால்காரனாக ஒரே ஒரு நாள் நடிக்க வந்தவனுக்குக்கூட, அவன் முகத்தை எடுக்கும்போது கேமராவுக்குப் பக்கத்தில் நின்று, தன்னையே படம் எடுப்பது போல முழுதாக நடித்துக் கொடுப்பாள். அவளோடு நடித்த மகானுபாவர்களில் அவளுக்காக நின்றவன் ஒருவனும் கிடையாது. அவள் முறை வந்தால் ஹில்டாதான்.

ரோவீனா ஹேல் என்பது ஸ்டூடியோ வைத்த பெயர். பென்சில்வேனியாவில் ஓர் இரும்பாலை ஊரில், எட்டுப் பிள்ளைகளில் ஐந்தாவதாகப் பிறந்தபோது அவள் பெயர் லுத்மிலா ஹ்ராப்கோ. பதினான்கு வயதில் சலவைக் கடையில் சட்டைக்குப் பெட்டி போட ஆரம்பித்தாள். பத்தொன்பது வயதில் நான்கு நாள் ரயிலில் உட்கார்ந்தபடியே கலிபோர்னியா வந்து இறங்கினாள். இரண்டு வருடம் கும்பலில் ஒருத்தி. வெள்ளத்தில் ஓடினாள், புரட்சியில் செத்தாள், ராஜா வீட்டு நடனத்தில் நாற்பதாவது ஜோடியாகச் சுழன்றாள். கேமரா தன் பக்கம் இல்லாதபோதும் ஒருத்தி நடித்துக்கொண்டே இருக்கிறாளே என்று யாரோ ஓர் இயக்குநர் கவனித்தார். பிறகு ஸ்டூடியோ அவள் புருவத்தை மழித்து வேறு இடத்தில் வரைந்தது, வயதில் இரண்டைக் குறைத்தது, அவளுடைய அப்பா இங்கிலாந்தில் கப்பல் கேப்டன் என்று பத்திரிகைகளுக்கு எழுதிக் கொடுத்தது.

அந்த அப்பா ஒரு கிறிஸ்துமஸுக்கு மகளைப் பார்க்க வந்தார். படப்பிடிப்புத் தளத்தில் ஒரு நிருபர் அவரிடம், "எந்தக் கப்பல் சார்?" என்று கேட்டான். அவர் திருதிருவென்று விழித்தார். ரோவீனா வந்து அப்பாவின் தோளில் கை போட்டுக்கொண்டாள்.

"கப்பலும் இல்ல கிப்பலும் இல்ல. எங்கப்பா இரும்பு உருக்கறவர். முப்பது வருஷமா உலை முன்னாடி நிக்கறார். எழுதிக்கோங்க," என்றாள்.

மறுநாள் பேப்பரில் அது வரவில்லை, ஸ்டூடியோ பார்த்துக்கொண்டது. ஆனால் தளத்தில் இருந்த தச்சர்களும் லைட்மேன்களும் அன்றிலிருந்து அவளுக்காக உயிரைக் கொடுத்தார்கள்.

பேசும் படம் வந்தபோது அழகான முகங்கள் எத்தனையோ வாயைத் திறந்து வேலையை இழந்தன. ரோவீனாவின் நாக்கில் இரும்பாலையும் அப்பா அம்மா பிறந்த ஸ்லோவாக்கியாவும் சேர்ந்து உட்கார்ந்திருந்தன. எட்டு மாதம் அவள் பல்லுக்கு நடுவில் கார்க்கைக் கடித்துக்கொண்டு குளியலறையில் பேப்பரை உரக்கப் படித்தாள். ஒன்பதாவது மாதம் தன் முதல் பேசும் படத்தில் நடித்தாள். ஹில்டாவுக்கும் அதுதான் முதல் படம். பதினோரு வருடத்தில் இருவரும் சேர்ந்து இருபத்து மூன்று படம் முடித்தார்கள்.

அந்தப் படங்களில்தான் 'ஹேல் பார்வை' பிறந்தது. வசனம் முடிந்த பிறகு எதுவும் பேசாமல், தலையை அசைக்காமல், கண்ணை மட்டும் உயர்த்தி எதிரில் இருப்பவனை ஒரு பார்வை பார்ப்பாள். பத்திரிகைகள்தான் அதற்குப் பெயர் வைத்தன. நாடு முழுக்கப் பெண்கள் கண்ணாடி முன் நின்று அதைப் பழகிப் பார்த்தார்கள். கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன.

இருபத்து நான்காவது படத்தில்தான் வினை வந்தது. அது 1940ஆம் வருட வசந்தம். ரோவீனாவின் ஒப்பந்தம் ஜூன் மாதத்தோடு முடிகிறது. தயாரிப்பாளர் பெல்டன் அதைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று தீர்மானித்துவிட்டார். முப்பத்து நான்கு வயது நடிகை இனி எத்தனை நாள் ஓடுவாள் என்பது அவர் கணக்கு. ஆனால் அந்தப் படத்தில் ரோவீனா ஏற்றிருந்த வேடம் அவள் வாழ்க்கையிலேயே சிறந்தது. சண்டை போட்டு வாங்கிய வேடம்.

கதை இதுதான். ஒரு சிற்றூரில் ஒருவன் போர்வீரன் என்று பதினைந்து வருடமாகக் கொண்டாடப்படுகிறான். உண்மையில் அவன் போர்முனையிலிருந்து ஓடி வந்தவன். ஊர் அவனுக்குச் சிலை வைக்கப் போகிற அன்று, மனசு தாங்காமல் சமையலறைக்கு வந்து மனைவியிடம் உண்மையைச் சொல்கிறான். அவளோ பாத்திரம் கழுவிக்கொண்டே, "எனக்குத் தெரியும்" என்கிறாள். நான்கு நிமிடக் காட்சி. அந்த நான்கு நிமிடம் ரோவீனாவின் முகத்தில் பதிந்துவிட்டால் ஊரில் இருக்கிற எந்த ஸ்டூடியோவும் அவளைக் கூப்பிடும். பதியாவிட்டால், போதும் என்று வெளியே அனுப்பப்பட்ட நடிகையாக அவள் வாசலைத் தாண்ட வேண்டியதுதான்.

படப்பிடிப்புக்கு முந்தின நாள் காப்பி டிரம்முக்குப் பக்கத்தில் இயக்குநர் டான் ரிக்பி அவளிடம் வந்தார். நல்ல மனிதர். கெட்ட செய்தி சொல்லும்போது தொப்பியைக் கையில் எடுத்துக்கொள்வார். அன்று எடுத்திருந்தார்.

"ரோவீனா, பெல்டன் ஆர்டர். சமையலறை சீன் முழுக்க கிளைவ் மேலதான் கேமரா. உன்னை முதுகுப் பக்கமா ஒண்ணு எடுத்துக்கறேன். குளோசப் கிடையாது."

"ஒண்ணுகூடவா?"

"போறவ முகத்துக்கு ஃபிலிம் எதுக்குன்னு கேக்கறார். நான் கத்திப் பாத்துட்டேன்மா."

கிளைவ் ஹார்மன்தான் கதாநாயகன். தாடை அழகு, தலைமுடி அழகு, அதற்கு மேல் கடவுள் எதையும் போட மறந்துவிட்டார். அவனுக்குப் புது ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்கு ஆகியிருந்தது.

ஹில்டா இதையெல்லாம் இரண்டடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் நேரே ரோவீனாவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். ஆட்கள் முன்னால் 'மிஸ் ஹேல்', 'நீங்க'. கதவு சாத்தினால் அதெல்லாம் கிடையாது.

"ஒண்ணு சொல்றேன், கோபப்படாத."

"நீ சொல்றதுக்கு முன்னாடியே கோபமாத்தான் இருக்கேன். சொல்லு," என்றாள் ரோவீனா. முகத்தில் பூசியிருந்த கிரீமைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு அவன் குளோசப் எடுக்கறப்ப நீ நிக்காத. தலைவலின்னு வந்து படுத்துக்கோ. நான் படிக்கறேன்."

"நீ படிச்சா?"

"நான் படிச்சா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா? என் குரலைக் கேட்டு அவன் மூஞ்சில என்ன வரும்? சவரம் பண்ணின மூஞ்சி வரும், வேற ஒரு மண்ணும் வராது. இருபது டேக் போகும். சாயங்காலம் ரிக்பி தலையில கை வெச்சுக்கிட்டு பெல்டனுக்கு ஃபோன் பண்ணுவார். வேற வழி இல்லாம கேமராவ உன் பக்கம் திருப்புவாங்க."

ரோவீனா கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துச் சிரித்தாள். "ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போற பொண்ணு பேசற பேச்சா இது?"

"இதுல என்ன தப்பு? எல்லாரும் பண்றதுதானே? அவன் உனக்காக ஒரு நாள், ஒரே ஒரு நாள் நின்னிருக்கானா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

"எனக்கு வராது ஹில்டா. நான் இங்க படுத்துக்கிட்டிருப்பேன், அங்க என் வசனத்த வேற குரல் சொல்லிக்கிட்டிருக்கும். என்னால படுத்திருக்க முடியுமா? இந்த சீனுக்காக நாலு மாசமா காத்துக்கிட்டிருக்கேன். எடுத்தா எடுக்கட்டும், எடுக்காட்டிப் போகட்டும். ஒரு தடவையாவது நான் அத முழுசாப் பண்ணிடணும்."

"யாரு பாக்க?"

"நான் பண்ணினேன்னு எனக்குத் தெரியும்ல?"

"உன்னை மாதிரி ஒரு பைத்தியத்த நான் பாத்ததே இல்ல."

"இருபத்து நாலு படமா அந்தப் பைத்தியத்தோடதானே சுத்தற? போய்த் தூங்கு போ."

ஹில்டாவுக்கு அழுகையே வந்துவிட்டது. கோபத்தில் வந்த அழுகை. ஒருத்தி தன் கழுத்துக்குத் தானே சுருக்கு மாட்டிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கச் சொன்னால் எப்படி?

மறுநாள் காலை ரோவீனாவின் முதுகை எடுத்து முடித்தார்கள். பத்து நிமிட வேலை. பிறகு கேமராவை கிளைவ் ஹார்மனுக்கு எதிரில் கொண்டுவந்து வைத்தார்கள். ரோவீனா கேமராவின் இடது பக்கம் வந்து நின்று, தனக்கு ஒரு தொட்டியில் தண்ணீர் வேண்டும் என்றாள்.

"உங்க கை ஃப்ரேம்லயே இல்லையே மிஸ் ஹேல்," என்றார் சாமான் கொடுப்பவர்.

"எனக்குத் தெரியும்பா. பாத்திரம் கழுவற கை ஈரமா இருக்கணும். இல்லன்னா எனக்குப் பேச வராது."

தண்ணீர் வந்தது. சவுண்ட் பார்ப்பவர் யாரையும் கேட்காமல் இன்னொரு மைக்கை இழுத்து அவள் தலைக்கு மேல் தொங்கவிட்டார். ரிக்பி ஆரம்பிக்கச் சொன்னார்.

ரோவீனா கையை நனைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். குரலை உயர்த்தவே இல்லை. பதினைந்து வருடம் ஒரு பொய்யோடு குடித்தனம் நடத்திய பெண் எப்படிப் பேசுவாளோ அப்படிப் பேசினாள். இரண்டாவது நிமிடத்தில் மேலே லைட்மேன்கள் அசைவதை நிறுத்தினார்கள். மூன்றாவது நிமிடத்தில் கிளைவ் ஹார்மனின் தாடை நடுங்க ஆரம்பித்தது. அவன் நடிக்கவில்லை, பாவம், அவனுக்கு நடிக்கத் தெரியாது; அவள் பேசியதைக் கேட்டு மனிதன் நிஜமாகவே அழுதுவிட்டான். ஒரே டேக். தளம் முழுக்கக் கைதட்டியது. கிளைவ் எல்லோருக்கும் தலைகுனிந்து வணங்கினான், ரிக்பியைக் கட்டிக்கொண்டான், கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அறைக்குப் போனான். ரோவீனா பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ரோவீனா ஈரக் கையை உதறிக்கொண்டாள். அவள் முகத்தில் இருந்தது வருத்தமில்லை. நல்ல சாப்பாடு சமைத்துப் பரிமாறியவள் முகம் போல இருந்தது.

ஜூன் மாதம் முடிந்தது. அவள் அறைக் கதவிலிருந்த பெயர்ப்பலகையை அதே வாரத்தில் கழற்றிவிட்டார்கள். யாரும் விருந்து வைக்கவில்லை. ரோவீனா தன் தையல்காரிகளையும் தச்சர்களையும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி விடைபெற்றுக்கொண்டு, தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு போனாள். எந்த ஸ்டூடியோவிலிருந்தும் அவளுக்கு ஃபோன் வரவில்லை. பெரிய ஸ்டூடியோ கழற்றிவிட்ட நடிகையிடம் ஏதோ கோளாறு இருக்கும் என்பது அந்த ஊர்க்காரர்களின் புத்தி.

ஆகஸ்டில் படத்தை கிளென்டேலில் ஒரு தியேட்டரில் போட்டுப் பார்த்தார்கள். வெளியிடுவதற்கு முன்னால் அப்படி ஒரு வழக்கம் உண்டு. வேறு படத்துக்கு டிக்கெட் வாங்கி வந்தவர்களிடம், "இன்று கூடுதலாக ஒரு புதுப் படம்" என்பார்கள். முடிந்ததும் ஆளுக்கு ஓர் அட்டையும் பென்சிலும் கொடுத்து மனதில் பட்டதை எழுதச் சொல்வார்கள். பெரிய பெரிய தயாரிப்பாளர்கள் எல்லாம் அந்த அட்டைக்கு நடுங்குவார்கள். ஹில்டாவின் வேலை, எந்த இடத்தில் எவ்வளவு நேரம் சிரிக்கிறார்கள் என்று ஸ்டாப்வாட்சில் பார்ப்பது. அவள் பெல்டனுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்தாள்.

சமையலறைக் காட்சி வந்தது. திரை முழுக்க கிளைவ் ஹார்மனின் முகம். காற்றில் ரோவீனாவின் குரல். முதல் நிமிடம் தியேட்டர் அமைதியாக இருந்தது. இரண்டாவது நிமிடம் மக்கள் நாற்காலியில் நெளிந்தார்கள், சிலர் கழுத்தைச் சாய்த்தார்கள், ஓரமாகச் சாய்ந்தால் அவள் தெரிவாள் என்பது போல. மூன்றாவது நிமிடம், முன்வரிசையில் தொப்பி போட்ட ஒரு பருமனான அம்மாள் எழுந்து நின்றாள்.

"அட, அந்தப் பொம்பள மூஞ்சியக் காட்டித் தொலைங்களேன்யா!"

தியேட்டர் முழுக்கச் சிரித்தது. பிறகு யாரோ கைதட்டினார்கள். யாரோ விசில் அடித்தார்கள். "ஆமா, காட்டுங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பெல்டன் நாற்காலிக்குள் இறங்கிக்கொண்டே போனார். ஹில்டா ஸ்டாப்வாட்சை அமுக்க மறந்து, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

அட்டைகளை மறுநாள் காலை அலுவலகத்தில் அவள்தான் உரக்கப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. தன் வழக்கமான குரலில், ஒரு உணர்ச்சியும் இல்லாமல் படித்தாள். அப்படிப் படித்ததால் இன்னும் நன்றாக உறைத்தது.

"'ஹார்மன் நன்றாக அழுகிறார். யாரைப் பார்த்து அழுகிறார் என்று காட்டக் கூடாதா?' அடுத்தது. 'மனைவி பேசியதைக் கேட்டு நானும் என் கணவரும் அழுதோம். முகத்தை ஏன் மறைத்தீர்கள்? அம்மை போட்டிருக்கிறதா?' அடுத்தது. 'உங்கள் கேமரா கெட்டுவிட்டதா?'"

"போதும்," என்றார் பெல்டன்.

"இன்னும் நூத்தி இருபது இருக்கு சார்."

பெல்டன் ஃபோனை எடுத்தார். ரோவீனாவின் குரல் ஹில்டாவுக்கும் கேட்டது. அவள் பேசினால் எட்டு அடிக்குக் கேட்கும்.

"ரோவீனா, செல்லம்! எப்படி இருக்க? ஒரு சின்ன வேலை. ஒரே ஒரு காலை. உன்னோட குளோசப் ஒண்ணு."

"எந்த சீன், மிஸ்டர் பெல்டன்?" தெரியாதவள் போலக் கேட்டாள்.

"அதான்... சமையலறை."

"ஓ. அதுல எனக்கு முகம் உண்டா?"

பெல்டன் தொண்டையைச் செருமினார். "உனக்கு என்ன வேணும், சொல்லு."

"வழக்கமான சம்பளம் போதும். இன்னொண்ணு, எனக்கு எதிர்ல நான் சொல்ற ஆள்தான் படிக்கணும்."

கிளைவைத்தான் கேட்கிறாள், இவ்வளவுதானா என்று பெல்டனுக்கு முகம் மலர்ந்தது. பாம் ஸ்பிரிங்ஸில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த கிளைவ் ஹார்மனுக்கு அப்போதே தந்தி போனது.

சமையலறையைப் பிரித்துப் போட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. தச்சர்கள் ஒரு ஜன்னலையும், தொட்டியையும், அரைச் சுவரையும் மட்டும் தேடி எடுத்து நிறுத்தினார்கள். ஹில்டா தன் குறிப்புகளைப் பிரித்துவைத்துக்கொண்டு, திரைச்சீலையின் மடிப்பு, இடது காதோரம் கலைந்த முடி, கழுவாமல் வைத்த நான்கு தட்டு என்று ஒன்றுவிடாமல் சரி செய்தாள். வாசல் காவலாளியின் பட்டியலில் ரோவீனாவின் பெயர் இல்லை. அவன் பட்டியலை மடித்துப் பையில் வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி, கதவை அகலத் திறந்துவிட்டான். அவள் தளத்துக்குள் நுழைந்ததும் மேலே இருந்த லைட்மேன்கள் பலகையைக் காலால் தட்டி ஓசை எழுப்பினார்கள். அந்தக் கூட்டம் ராணிகளுக்கு எழுந்து நிற்கிற கூட்டமல்ல. இரும்பு உருக்குகிறவர் மகளுக்கு எழுந்து நின்றது.

கிளைவ் வெயிலில் சிவந்த மூக்கோடு, பட்டுக் கைக்குட்டையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வந்தான்.

"டார்லிங்! உனக்காக நூறு மைல் காரை ஓட்டிக்கிட்டு வந்திருக்கேன். நான் யாருக்கும் இப்படி நின்னதே இல்ல, தெரியுமா?"

"நல்லாத் தெரியும் கிளைவ்," என்றாள் ரோவீனா. "களைச்சுப் போயிருப்ப. அங்க நாற்காலி இருக்கு பாரு, உக்காரு. ஹில்டா, நீ வா."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஹில்டாவுக்குச் சுத்தமாகப் புரியவில்லை.

"செல்லம், விளையாடாத," என்றார் பெல்டன். "இவ படிச்சா கல்லறையில பேர் படிக்கற மாதிரி இருக்கும். இது முக்கியமான சீன்."

"முக்கியமான சீன்தான். அதனாலதான் கேக்கறேன்." ரோவீனாவின் குரலில் விளையாட்டு இல்லை. "இருபத்து மூணு படத்துல என் குளோசப் எல்லாத்தையும் நீங்க பாராட்டியிருக்கீங்க. அதுல எத்தனைக்கு ஹீரோ நின்னார்? ஒண்ணுக்கும் இல்ல. எல்லாமே இவ படிச்சதுதான். ஒரு பார்வைக்குப் பத்திரிகையில பேர் வெச்சாங்களே மிஸ்டர் பெல்டன், அது எந்த ஆம்பளையப் பாத்ததும் இல்ல. கண்ணாடி போட்டுக்கிட்டு, பென்சில நகத்திக்கிட்டு, ஒரு எழுத்து விடாம எனக்காகப் படிச்சாளே, இவளப் பாத்தது."

ஹில்டாவின் முகம் காதுவரை சிவந்தது. அவளுக்கு அது தெரியவே தெரியாது. அவள் கண் எப்போதும் தாளில்தான் இருந்தது, ஒருநாளும் நிமிர்ந்ததில்லை. ஒஹாயோவில் ஒரு பல் டாக்டர் அந்தப் பார்வைக்காகக் கல்யாணமே செய்துகொள்ளாமல் உட்கார்ந்திருந்தார். அந்தப் பார்வையோ இவ்வளவு காலமாக ஹில்டாவின் உச்சந்தலை மேல் விழுந்துகொண்டிருந்திருக்கிறது.

"நான்... நான் சரியாப் படிக்கமாட்டேனே," என்றாள்.

"எப்பவும் படிக்கற மாதிரி படி. வேற எதுவும் பண்ணிடாத, தாயே."

விளக்குகள் எரிந்தன. ஹில்டா கேமராவின் வலது பக்கம், ஸ்கிரிப்டை மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். ரோவீனா கையைத் தண்ணீரில் நனைத்தாள். ரிக்பி மெல்ல, "ஆரம்பிக்கலாம்," என்றார்.

ஹில்டா படித்தாள். கணவன் உண்மையைச் சொல்கிற நீண்ட வசனத்தைத் துணி எண்ணுகிற குரலில் படித்தாள். ரோவீனா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே பதில் சொன்னாள். மூன்று நிமிடம் ஓடியது. கடைசிக்கு முந்தின கேள்வி வந்தது.

"எப்பத்துலேர்ந்து தெரியும்?" என்று படித்தாள் ஹில்டா.

"நீ வந்து எறங்கின அன்னிலேர்ந்து. நீ தூக்கத்துல பேசற," என்றாள் ரோவீனா.

அடுத்த வரி ஹில்டாவுடையது. 'அப்புறம் ஏன் என்கூட இருந்த?' என்று படிக்க வேண்டும். அந்த இடத்தில் ரோவீனா கண்ணை உயர்த்தினாள். ஹில்டாவும், தன் வாழ்நாளில் முதல் தடவையாக, தாளிலிருந்து தலையை உயர்த்தினாள்.

இப்படி ஒரு பார்வையை யாரும் அவள்மேல் வைத்ததில்லை. அவளுடைய எல்லாக் குறையையும் அறிந்து, ஒன்றையும் மன்னிக்காமல், ஒன்றுக்காகவும் விலகாமல் நிற்கிற பார்வை. சிறுவயதில் சாப்பாட்டு மேசையில் அவள் எதிர்பார்த்து எதிர்பார்த்துக் கிடைக்காமல் போனது இதுதான் என்று அவளுக்குச் சட்டென்று புரிந்தது. ஒருநாளும் ஒரு வார்த்தை தவறாத ஹில்டா ஸ்ட்ரோம், வரியை மறந்து நின்றாள்.

கழுத்தில் ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. ரிக்பி நிறுத்தச் சொல்லக் கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. ரோவீனாவுக்குக் கேள்வி வரவில்லை என்று தெரிந்துவிட்டது. அவள் கண் அசையவில்லை. கேட்க வாய் வராமல் நிற்கிற மனிதனைப் பார்க்கிற மாதிரி ஹில்டாவைப் பார்த்தாள், காத்திருந்தாள், பிறகு ஈரக் கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு, அவன் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னாள்.

"போக மனசு வரல. அவ்வளவுதான்."

"கட்," என்றார் ரிக்பி.

கைதட்டவே தோன்றாமல் எல்லோரும் நின்றார்கள். முதலில் அலறியது ஹில்டாதான்.

"தப்பு என்னோடது! ஒரு வரிய விட்டுட்டேன்! மிஸ்டர் ரிக்பி, எனக்கு இப்படி ஆனதே இல்ல, மன்னிச்சிடுங்க, மறுபடி எடுத்துடலாம்."

"ஆமாம், அது என்னோட வரி," என்று நாற்காலியிலிருந்து எழுந்தான் கிளைவ். "படத்துலயே எனக்குப் பிடிச்ச வரி!"

"கிளைவ், அந்த வரி இனிமே படத்துல இல்ல," என்றார் ரிக்பி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு ரோவீனாவிடம் திரும்பினார். "எதுக்கும் இன்னொண்ணு எடுத்து வெச்சுக்கலாமா?"

"வேண்டாம். நான் இன்னொரு தடவ பண்ணிடுவேன். ஹில்டாவால இன்னொரு தடவ மறக்க முடியாது."

அப்போதுதான் லைட்மேன்களின் கால்தட்டலில் பலகைகள் அதிர்ந்தன. பெல்டன் மூக்கைச் சிந்திவிட்டு வந்து, புது ஒப்பந்தத்தைப் பற்றி இப்போதே உட்கார்ந்து பேசலாமே என்றார். ரோவீனா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே, திங்கட்கிழமை ஃபோன் பண்ணுங்க, எடுத்தா பேசறேன் என்றாள். அதைச் சொல்லும்போது இரும்பாலை ஊர்ப் பேச்சு முழுசாக அவள் நாக்கில் வந்து உட்கார்ந்திருந்தது. அதை அவள் மறைக்கவில்லை.

ஹில்டா தன் மடக்கு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். வேலை வேலைதான். ஒவ்வொரு டேக்குக்கும் ஒரு தாள் எழுத வேண்டும். டேக் ஒன்று. மௌனம், எட்டு விநாடி. ஒரு வரி விடுபட்டது, படித்தவர் தவறு. டேக் சரி, பிரின்ட் போடலாம். எல்லாவற்றையும் எழுதினாள். அந்தத் தாளில், கேமராவுக்கு வெளியே யார் நின்றார் என்று எழுதவும் ஒரு கட்டம் உண்டு. அதில் இதுவரைக்கும் அவள் கதாநாயகன் பெயரைத்தான் எழுதிவந்தாள். பெரியவர்கள் அறையில் படுத்திருந்ததாகவா எழுத முடியும்? கிளைவ் ஹார்மனின் பெயரை எழுதப் பென்சிலை வைத்தவள், எடுத்துவிட்டாள். பிறகு அழுத்தி, கட்டத்துக்கு வெளியே கோடு தாண்டிப் போகிற அளவுக்குப் பெரிதாக, ஞானஸ்நானத்தில் வைத்த நடுப்பெயரையும் சேர்த்து எழுதினாள்: ஹில்டா மார்கரெட்டா ஸ்ட்ரோம்.